சர்வரில் கை வைக்கும் முன்

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு எச்.டி.எம்.எல் தெரிகிறது, சி.எஸ்.எஸ், பி.எச்.பி எல்லாம் தெரிகிறது. கல்லூரியில் படிக்காவிட்டாலும் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆனாலும் சேர்ந்த சில மாதங்களுக்குள் யாராவது ஒருவர் ஒரு வாடிக்கையாளரின் தளத்தைப் படுக்க வைத்துவிடுகிறார். போய்ப் பார்த்தால் எழுதிய நிரலில் பெரும்பாலும் தப்பு இருக்காது. தன் கையில் திறந்திருப்பது எந்தப் பிரதி என்பதுதான் அவருக்குத் தெரிந்திருக்காது. தன் கணினியில் உள்ள லோக்கலா, சர்வரில் ஓடும் லைவா, போன மாதம் இறக்கி வைத்ததா, பக்கத்து சீட்டுக்காரர் நேற்று மாற்றியதா? நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான். பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், சிற்றிதழ் என்று சின்ன ஹோஸ்டிங்கில் ஓடும் தளங்களைப் பார்த்துக்கொள்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பெரிய கம்பெனிகளில் இதற்கெல்லாம் தனி ஆளும் தனிக் கருவியும் உண்டு. இங்கே எல்லாம் நீங்கள்தான்.

1. லைவில் திருத்தாதீர்கள்.

ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலுக்குள் போனால் ஃபைல் மேனேஜர் இருக்கிறது. அதில் ‘எடிட்’ என்று ஒரு பொத்தானும் இருக்கிறது. வேர்ட்பிரஸ்ஸுக்குள்ளேயே தீம் கோப்புகளைத் திருத்த ஓர் எடிட்டர் உண்டு. இரண்டும் இல்லவே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் முகப்புப் பக்கம் மட்டும் போகாது. உள்ளே நுழைந்து சரிசெய்ய வேண்டிய நிர்வாகப் பக்கமும் சேர்ந்து போகும். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். 2017-இல் வந்த 4.9 பதிப்பிலிருந்து, தளத்தைச் சாய்க்கும் பி.எச்.பி பிழையைக் கண்டால் வேர்ட்பிரஸ் அந்தத் திருத்தத்தை ஏற்காமல் பழையதையே வைத்துக்கொள்கிறது. 2019-இல் 5.2 பதிப்பில் மீட்பு முறை ஒன்றையும் சேர்த்தார்கள். நல்லதுதான். ஆனால் நிரல் ஓடுகிறதா என்பதை மட்டும்தான் இவை பார்க்கும். ஆடித் தள்ளுபடியைக் கணக்கிடும் வரியில் பத்து சதவீதத்துக்குப் பதில் நூறு சதவீதம் என்று போட்டுவிட்டால் எந்தப் பதிப்பும் தடுக்காது.

“ஒரே ஒரு எழுத்துப் பிழைதான், அதற்குப் போய் இவ்வளவா?” என்பீர்கள். அந்த ஒரு எழுத்துக்குத்தான் யாரும் பேக்கப் எடுப்பதில்லை. கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் வேர்ட்பிரஸ் எடிட்டரையே மூடிவிடலாம். என்னிடம் வரும் எந்த வேர்ட்பிரஸ் தளத்திலும் முதல் வேலையாக அதைத்தான் செய்கிறேன்.

2. இன்றைய வேலைக்கு இன்று இறக்கிய கோப்பு.

உங்கள் கணினியில் ஏற்கெனவே அந்தத் தளத்தின் பிரதி இருக்கலாம். அது எப்போது இறக்கியது என்று உடனே சொல்ல முடியாவிட்டால் அதைத் தொடாதீர்கள். சர்வரிலிருந்து புதிதாக இறக்குங்கள். இறக்கியதை இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று வேலைக்கு, மற்றொன்று கை படாமல் இருப்பதற்கு. கை படாத ஃபோல்டரின் பெயரில் தேதி இருக்கட்டும். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் ஃபோல்டர்கள் தாமாகவே வரிசையில் நிற்கும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் நியூ ஓகே’ என்று பெயர் வைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். எது ஃபைனல் என்று வைத்தவருக்கே மறுநாள் தெரியாது.

இறக்கும்போது, புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புகள் கண்ணில் படாமல் போகும். எச்டிஅக்சஸ் அப்படிப்பட்ட கோப்புதான். தளத்தின் முகவரி மாற்றங்களும் தடைகளும் அதில்தான் எழுதியிருக்கும். கோப்புகளை ஏற்றி இறக்கும் ஃபைல்ஸில்லாவிலும் சிபேனலிலும் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி ஒரு தேர்வு இருக்கிறது. அதை ஒருமுறை போட்டு வைத்துவிடுங்கள்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய கிட் இருக்கிறதே, அது வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். எந்த வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பதைத் தேதியிட்ட ஃபோல்டரால் சொல்ல முடியாது, கிட் சொல்லும். ஆனால் கிட் கற்றுக்கொள்ளும் வரை பேக்கப் இல்லாமல் இருக்கலாம் என்று அர்த்தமில்லை. இன்னொன்று: கிட் தனக்கென்று வைத்துக்கொள்ளும் மறைந்த ஃபோல்டரைத் தளத்தோடு சேர்த்து ஏற்றிவிடாதீர்கள். உங்கள் முழு வரலாறும், எப்போதோ எழுதி அழித்த கடவுச்சொல் உட்பட, ஊருக்கே தெரிந்துவிடும்.

3. உங்களுக்குத் தெரியாமல் இன்னொரு பிரதி உருவாகவிடாதீர்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் விழுவது இங்கேதான். ஃபைல்ஸில்லாவில் இடப்பக்கம் உங்கள் கணினி, வலப்பக்கம் சர்வர். வலப்பக்கக் கோப்பின் மேல் மவுஸின் வலது பொத்தானைத் தட்டினால் ‘வியூ, எடிட்’ என்று வரும். அதைத் தட்டினால் கோப்பு உங்கள் எடிட்டரில் திறக்கும். திருத்திச் சேமித்துவிட்டு ஃபைல்ஸில்லாவுக்குத் திரும்பினால், கோப்பு மாறியிருக்கிறது, சர்வருக்கு அனுப்பட்டுமா என்று கேட்கும். சரி என்றால் அனுப்பிவிடும். எவ்வளவு வசதி!

நீங்கள் திருத்தியது எந்தக் கோப்பை? இடப்பக்கம் உள்ளதை அல்ல. ஃபைல்ஸில்லா தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் இறக்கி வைத்த தனிப் பிரதியை. ஆகவே இப்போது சர்வரில் புதியது இருக்கிறது, உங்கள் வேலை ஃபோல்டரில் பழையது அப்படியே இருக்கிறது. அடுத்த வாரம் வாடிக்கையாளர் வேறொரு மாற்றம் கேட்பார். வேலை ஃபோல்டரில் இருக்கும் பழையதைத் திருத்தி ஏற்றுவீர்கள். போன வாரம் மாற்றிய தொலைபேசி எண் பழைய எண்ணாகிவிடும். வாடிக்கையாளர் போன் செய்து, “மாத்திட்டேன்னு சொன்னீங்களே தம்பி” என்பார். நீங்களும் மாற்றியது நன்றாக நினைவிருக்கிறதே என்று தலையைச் சொறிவீர்கள். சர்வர் தானாகப் பழையதுக்குத் திரும்பிவிட்டது என்று சத்தியம் செய்யும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். சர்வர் அப்படியெல்லாம் செய்யாது.

4. கோப்பு மேலே போகும். தரவு கீழே வரும்.

நிரலும் வடிவமைப்பும் உங்கள் கணினியில் பிறந்து சர்வருக்குப் போகின்றன. ஆர்டர்கள், விண்ணப்பங்கள், வாசகர் கடிதங்கள், தலைமையாசிரியர் நேற்று ராத்திரி தானே ஏற்றிய ஆண்டுவிழாப் படங்கள் எல்லாம் சர்வரில் பிறக்கின்றன. லோக்கல் தரவுத்தளத்தை லைவின் மேல் ஏற்றினால், நீங்கள் இறக்கிய நாளிலிருந்து இன்றுவரை வந்த அத்தனையும் போய்விடும். புதிய தளத்தை முதன்முதலாக நிறுவும் நாள் ஒன்றைத் தவிர வேறு எந்த நாளிலும் தரவுத்தளத்தை மேலே ஏற்ற வேண்டிய தேவை வராது. வந்ததாகத் தோன்றினால் மூத்தவர் ஒருவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வேர்ட்பிரஸ்ஸின் அப்லோட்ஸ் ஃபோல்டருக்கும் இதே கணக்குத்தான்.

5. லோக்கல் பிரதி, லைவ் சர்வரைப் போல இருக்க வேண்டும்.

உங்களிடம் இருப்பது விண்டோஸ், சர்வரில் பெரும்பாலும் லினக்ஸ். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. கேமராவிலிருந்து வந்த படத்தின் வால் பெரிய எழுத்தில் இருக்கும். நீங்கள் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள். லோக்கலில் படம் தெரியும், ஏற்றியதும் உடைந்த கட்டம் தெரியும். கோப்புப் பெயர் எல்லாம் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது என்று விதி வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது.

சர்வரில் ஓடும் பி.எச்.பி எந்தப் பதிப்பு என்று பார்த்து, உங்கள் கணினியில் சர்வராக ஓடும் எக்ஸாம்பிலும் அதையே போடுங்கள். பழைய மைஎஸ்கியூஎல் கட்டளைகளை 2015-இல் வந்த பி.எச்.பி 7 அடியோடு நீக்கிவிட்டது. 8 இன்னும் கண்டிப்பு. 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்துவிட்டது, ஆனாலும் அதில் ஓடிக்கொண்டிருக்கும் தளங்கள் நம் ஊரில் நிறைய. லோக்கலில் 8 வைத்துக்கொண்டு எழுதிய நிரல் 7.4-இல் விழக்கூடும்; அங்கே ஓடியது இங்கே விழக்கூடும்.

ஏற்றுவதற்கு முன் எல்லாக் கோப்புகளிலும் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற சொல்லையும் ‘சி’ டிரைவின் முகவரியையும் தேடிப் பாருங்கள். படத்தின் முகவரி உங்கள் டிரைவைக் காட்டிக்கொண்டிருந்தால் அந்தப் படம் உலகத்திலேயே உங்கள் ஒருவருக்கு மட்டும் தெரியும். நீங்களும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

லோக்கல் பக்கத்தின் தலையில் ‘இது லோக்கல்’ என்று சிவப்புப் பட்டை ஒன்று தெரியும்படி செய்து வைத்துக்கொள்ளுங்கள், லோக்கல் முகவரியில் மட்டும் தோன்றுமாறு. குழந்தைத்தனமாகத் தெரியும். செய்யுங்கள்.

6. தமிழ்க் கோப்பைச் சேமிக்கும்போது குறிமுறையைப் பாருங்கள்.

ஆங்கிலத் தளங்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. நமக்கு உண்டு. தமிழ் யூனிகோட் குறி ஒவ்வொன்றும் யு.டி.எஃப்-8 முறையில் மூன்று பைட் எடுக்கும். அந்தக் கோப்பைப் பழைய நோட்பேடில் திறந்து ‘ஆன்சி’ என்று சேமித்தால், எழுத்துகள் போய்விடும் என்று ஓர் எச்சரிக்கை வரும். படிக்காமல் சரி என்று தட்டினால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகும். அதற்குப் பிறகு மீட்க வழியில்லை, பேக்கப்தான்.

லைவில் தமிழ் கெட்டுத் தெரிந்தால் பதறாமல் எப்படிக் கெட்டிருக்கிறது என்று பாருங்கள். தலையில் கொம்பும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் கோப்பு நன்றாகத்தான் இருக்கும். அது எந்தக் குறிமுறை என்று பிரவுசருக்குச் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். பக்கத்தின் தலைப்பகுதியில் யு.டி.எஃப்-8 என்று ஒரு வரி அறிவித்தால் சரியாகிவிடும். வரிசையாகக் கேள்விக்குறிகள் என்றால் கோப்பிலேயே எழுத்து அழிந்திருக்கலாம். முதல் வகையைப் பார்த்துப் பயந்துபோய் எடிட்டரில் எதையாவது மாற்றிச் சேமித்து, அதை இரண்டாம் வகையாக்கிவிடுகிறவர்கள் உண்டு.

யு.டி.எஃப்-8-இலும் இரண்டு உண்டு. ஒன்றில் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் ஒட்டிக்கொண்டிருக்கும், பி.ஓ.எம் என்பார்கள். பி.எச்.பி கோப்பில் அது இருந்தால், ‘ஹெடர் ஏற்கெனவே போய்விட்டது’ என்ற பொருளில் ஒரு பிழை வரும். உள்நுழைவு வேலை செய்யாது. நிரலை வரிவரியாகப் பார்த்தாலும் ஒன்றும் அகப்படாது, அகப்படாத இடத்தில்தானே இருக்கிறது. விண்டோஸ் நோட்பேட் 2019-இல்தான் பி.ஓ.எம் இல்லாத யு.டி.எஃப்-8-ஐ இயல்பாக வைத்துக்கொண்டது. வி.எஸ்.கோடோ நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸோ பயன்படுத்துங்கள். குறிமுறை எது என்று கீழ்ப்பட்டையில் எப்போதும் தெரியும்.

யூனிகோடுக்கு முந்தைய தளங்கள் உங்கள் கைக்கு வந்தால் இன்னும் கவனம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள்கூட முதலில் திஸ்கி குறிமுறையில் வந்தவை, பிறகுதான் யூனிகோடு. அந்தக் காலத்துச் சிற்றிதழ் பக்கங்கள் திஸ்கி, டாப், பாமினி போன்ற பழைய குறிமுறைகளில் இன்னும் பல சர்வர்களில் கிடக்கின்றன. திஸ்கி கோப்பைப் புதிய எடிட்டர் யு.டி.எஃப்-8 என்று நினைத்துக்கொண்டு திறக்கும். புரியாத பைட்டுகளை எல்லாம் கறுப்பு வைரக் கட்டமாகக் காட்டும். அந்த நிலையில் ஒரே ஒருமுறை சேமித்தால் மூல எழுத்து போய்விடும். அது யாரோ ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்த கவிதையாக இருக்கலாம், வேறெங்கும் பிரதி இல்லாமலும் இருக்கலாம். முதலில் நகல் எடுங்கள், நகலை மாற்றி மூலத்தோடு ஒப்பிடுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.

நிரல் வரியை வேர்டில் ஒட்டி எடுக்காதீர்கள், போனில் தட்டி அனுப்பாதீர்கள். நேர் மேற்கோள்குறியை வேர்டும் ஐபோனும் வளைத்துவிடும். வளைந்த குறியைப் பார்த்தால் பி.எச்.பி-க்கு ஒன்றும் புரியாது.

7. எஃப்.டி.பி-யை விட்டுவிடுங்கள்.

கோப்புகளை அனுப்பும் நெறிமுறையான எஃப்.டி.பி-யின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் நம் நாட்டுக்காரர்: அபய் பூஷண், கான்பூர் ஐ.ஐ.டி-யின் முதல் அணியில் படித்து எம்.ஐ.டி-க்குப் போனவர். அன்றைக்கு வலையில் இருந்தவை சில பல்கலைக்கழக, ஆய்வு நிறுவனக் கணினிகள்தான். யாரும் வழியில் நின்று ஒட்டுக்கேட்பார்கள் என்று அஞ்ச வேண்டிய காலம் அல்ல. ஆகவே கடவுச்சொல் அப்படியே வெட்டவெளிச்சமாகப் போகிறது, இன்றும். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் யாரோ கடவுச்சொற்களை வழியிலேயே உருவினார்கள். அதைப் பார்த்துத்தான் அங்கிருந்த தாட்டு உலோனன் எஸ்.எஸ்.எச் எழுதினார். எஃப்.டி.பி-க்குப் பதில் நீங்கள் பயன்படுத்த வேண்டிய எஸ்.எஃப்.டி.பி அதன் மேல் ஓடுவது. ஃபைல்ஸில்லாவில் நீங்கள் மாற்ற வேண்டியது நெறிமுறைக் கட்டத்தையும், தேவைப்பட்டால் போர்ட் எண்ணையும்: 21-க்குப் பதில் 22, அல்லது உங்கள் ஹோஸ்டிங்காரர் சொல்லும் எண். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-இலேயே எஃப்.டி.பி-யைத் தூக்கிவிட்டன. நீங்கள் மட்டும் ஏன் அதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள்?

வழி பத்திரமானால் போதாது, புறப்படும் இடமும் பத்திரமாக வேண்டும். 2009-இல் கம்ப்ளர் என்றொரு தீநிரல் பரவியது. அது சர்வரை உடைக்கவில்லை. தளம் நடத்துபவர்களின் கணினியில் புகுந்து எஃப்.டி.பி கடவுச்சொற்களைத் திருடியது. பிறகு முறைப்படி உள்நுழைந்து பக்கங்களில் தன்னை எழுதிக்கொண்டது. ஃபைல்ஸில்லாவில் மாஸ்டர் பாஸ்வேர்ட் வைக்காவிட்டால், சேமித்த கடவுச்சொற்கள் எளிதில் படிக்கும்படி ஒரு கோப்பில் கிடக்கும். வையுங்கள். அலுவலக வாட்ஸாப் குழுவில் கடவுச்சொல் போடுகிறவர் யாராக இருந்தாலும், முதலாளியே ஆனாலும், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

8. ‘ஓவர்ரைட்’ பெட்டியைப் படியுங்கள்.

ஏற்றும்போது அதே பெயரில் சர்வரில் கோப்பு இருந்தால் ஃபைல்ஸில்லா ஒரு பெட்டியைக் காட்டும். மேலே நீங்கள் அனுப்பும் கோப்பின் பெயர், அளவு, நேரம். கீழே சர்வரில் இருப்பதன் பெயர், அளவு, நேரம். முதல் தேர்வு ஓவர்ரைட். கை பழகியவர்கள் அதை அரை நொடியில் தட்டிவிடுவார்கள்.

அந்த இரண்டு அளவுகளை மட்டும் பாருங்கள். நீங்கள் இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள் என்றால் மேலே உள்ளது கீழே உள்ளதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். சர்வரில் இருப்பது பல ஆயிரம் பைட் பெரிதாக இருந்தால், நீங்கள் இறக்கிய பிறகு யாரோ அதில் வேலை செய்திருக்கிறார்கள். நிறுத்துங்கள், மீண்டும் இறக்குங்கள், ஒப்பிடுங்கள். நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். பல சர்வர்கள் கிரீன்விச் நேரத்தில் ஓடுகின்றன. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேரம். ‘புதியதாக இருந்தால் மட்டும் மாற்று’ என்ற தேர்வு இந்த இடைவெளியில் ஏமாறக்கூடும். கீழே ‘எப்போதும் இதையே செய்’ என்றொரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் போடாதீர்கள்.

ஏற்றுவதற்கு ஆர்சிங்க் கட்டளையைப் பயன்படுத்தும் அளவுக்கு வளர்ந்துவிட்டவர்களுக்கும் இதேதான். முதலில் ஒத்திகை ஓட்டம், அது காட்டும் பட்டியலைப் படித்த பிறகு உண்மை ஓட்டம். ‘டெலிட்’ தேர்வோடு தப்பான ஃபோல்டரைக் கொடுத்தால் அது சொன்னபடி கேட்டு எல்லாவற்றையும் அழித்துவிடும்.

9. ஏற்றினால் முழுதாக ஏற்றுங்கள்.

2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்காவின் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் புதிய நிரலோடு சந்தையில் இறங்கியது. எட்டு சர்வர்களில் ஏழில்தான் அது ஏறியிருந்தது. விட்டுப்போன எட்டாவதில் கைவிடப்பட்ட பழைய நிரல் ஒன்று உயிர்பெற்று ஆர்டர்களைக் கொட்டியது. முக்கால் மணி நேரத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஏற்றிய ஏழைச் சரிபார்த்தால் இது தெரிய வராது. எட்டையும் எண்ணினால்தான் தெரியும்.

உங்கள் அளவில் இதன் பொருள்: ஃபைல்ஸில்லாவின் அடியில் ‘தோற்ற பரிமாற்றங்கள்’ என்ற பொருளில் ஒரு தாவல் இருக்கிறது, அது காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். கரண்ட் போகும் நேரத்தில் யு.பி.எஸ் இல்லாமல் ஏற்றக் கூடாது, கோப்பு பாதியிலோ பூஜ்யம் பைட்டிலோ நிற்கும். வரிசையும் முக்கியம். படங்கள் முதலில், பிறகு சி.எஸ்.எஸ்ஸும் ஸ்கிரிப்ட்டும், அவற்றை அழைக்கும் பக்கம் கடைசியில். பெரிய கோப்பானால் வேறு பெயரில் ஏற்றி, முழுதாக ஏறியதும் பெயரை மாற்றுங்கள். பெயர் மாற்றம் கண் சிமிட்டும் நேரம். வாசகர் பாதிக் கோப்பைப் பார்க்க மாட்டார்.

10. பழைய கோப்பைச் சர்வரிலேயே பெயர் மாற்றிப் போட்டு வைக்காதீர்கள்.

கான்ஃபிக் கோப்பின் வாலில் ‘பேக்’ அல்லது ‘ஓல்டு’ என்று சேர்த்துவிட்டால் சர்வருக்கு அது பி.எச்.பி அல்ல, வெறும் எழுத்து. முகவரியை ஊகித்துத் தட்டுகிறவருக்குத் தரவுத்தளக் கடவுச்சொல்லோடு அப்படியே காட்டிவிடும். ஊகிப்பதற்கென்றே நிரல்கள் இரவும் பகலும் ஓடுகின்றன.

11. அனுமதி எண் கோப்புக்கு 644, ஃபோல்டருக்கு 755. எது நின்றாலும் 777 போடாதீர்கள். போடச் சொல்லும் யூடியூப் வீடியோவை மூடிவிடுங்கள்.

12. நேரம் பார்த்து ஏற்றுங்கள், பத்து நிமிடத்தில் திரும்புங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டாம். பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள் வேண்டாம். பள்ளித் தளமானால் தேர்வு முடிவு வரும் வாரம் பக்கமே போகாதீர்கள். காலையில் வேலைக்கு வந்து, உங்களுக்கும் தலை தெளிவாக இருந்து, ஹோஸ்டிங்காரர் போனை எடுக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

ஏற்றியதும் ஏதாவது உடைந்தால் பத்து நிமிடம் பாருங்கள். தீரவில்லையா, கை படாத ஃபோல்டரிலிருந்து பழையதைத் திரும்ப ஏற்றிவிடுங்கள். காரணத்தை லோக்கலில் நிதானமாகத் தேடலாம். இதில் மானக்கேடு ஒன்றுமில்லை. “இதோ ஒரே நிமிஷம் சார்” என்று மதியம் வரை லைவில் துழாவிக்கொண்டிருப்பதுதான் மானக்கேடு. அதற்குள் நீங்கள் எதையெதை மாற்றினீர்கள் என்பதும் உங்களுக்கே மறந்திருக்கும். நான் இன்றும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன்: தேதி, கோப்பு, என்ன மாற்றம், யார் கேட்டது. கணினி விழுந்த நாளிலும் அது திறக்கும்.

13. ஏற்றிய பிறகு அந்நியராகப் பாருங்கள்.

உங்கள் பிரவுசர் பழைய சி.எஸ்.எஸ்ஸைச் சேமித்து வைத்துக்கொண்டு உங்களை ஏமாற்றும். மறைநிலைச் சாளரத்தில் திறங்கள். போனில் வைஃபையை நிறுத்திவிட்டு மொபைல் டேட்டாவில் திறங்கள். தொடர்புப் படிவத்தில் உங்கள் பெயரைப் போட்டு அனுப்பி, வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் வந்ததா என்று கேளுங்கள். தேடுபொறிகளை விலக்கி வைக்கும் ரோபாட்ஸ் கோப்பு, சோதனைத் தளத்திலிருந்து தவறி லைவுக்கு வந்துவிட்டதா என்றும் பாருங்கள். வந்திருந்தால் யாருக்கும் உடனே தெரியாது. தளம் நன்றாக ஓடும், கூகுளிலிருந்து வருகிறவர்கள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவார்கள்.

14. திறந்து பார்க்காத பேக்கப் பேக்கப்பே அல்ல.

ஹோஸ்டிங்காரர் தினமும் எடுக்கிறார் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் எரிந்துபோனது. தளத்தையும் அதன் பேக்கப்பையும் அதே இடத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். மாதம் ஒரு பிரதியாவது சர்வருக்கு வெளியே, உங்கள் மேசைக்கும் வெளியே இருக்க வேண்டும்.

2017 ஜனவரி 31-ஆம் தேதி கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததையும் கேளுங்கள். இரவு வரை வேலை பார்த்துக் களைத்த பொறியாளர் ஒருவர் துணைச் சர்வரில் இருக்கிறோம் என்று நினைத்து, முதன்மைச் சர்வரில் தரவுத்தள ஃபோல்டரை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஒன்றிரண்டு நொடியில் புரிந்து நிறுத்தினார். 300 ஜி.பி-யில் சுமார் 4.5 ஜி.பி மிஞ்சியிருந்தது. பேக்கப்புக்கும் நகலுக்கும் ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. நம்பி எடுக்கும்படி ஒன்றும் இல்லை. தினசரி பேக்கப் பதிப்புப் பொருந்தாமல் பலநாள் தோற்றுக்கொண்டிருந்தது, அது தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. வேறு காரியத்துக்காக ஒருவர் சுமார் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த பிரதி ஒன்றுதான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு திரும்பவில்லை. நடந்ததை அவர்கள் மறைக்காமல் எழுதி வெளியிட்டதால்தான் நமக்கு இவ்வளவும் தெரிகிறது.

எனவே இந்த வாரத்துக்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பொறுப்பில் உள்ள தளங்களில் ஒன்றின் பேக்கப்பை எடுத்து, எக்ஸாம்பில் காலியான ஒரு ஃபோல்டரில் விரித்து, தரவுத்தளத்தையும் ஏற்றி, முகப்புப் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வரும்வரை மற்ற வேலையைத் தள்ளி வையுங்கள்.